299 ரிங்கிட் கைப்பேசி: ஏமாந்தவர் மீதா பழி?

ரந்தாவ் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் மாரியம்மன் கோயில் திருவிழாச் செய்தி சேகரிக்கப் போயிருந்தேன். அன்னதானத்தில் பரிமாறிக்கொண்டிருந்த அக்கா ஒருவர் கையைத் துடைத்துக்கொண்டே வந்து ஒரு கைப்பேசியை நீட்டினார். "தம்பி, நீங்க பத்திரிகையில இருக்கீங்க. இதுல என்ன கோளாறுன்னு கொஞ்சம் பாருங்களேன்."

பார்வைக்கு ஆயிரக்கணக்கான ரிங்கிட்டுக்கு விற்கும் உயர்ரகக் கைப்பேசி போலவே இருந்தது. படிவம் 5 படிக்கும் மகனுக்காக இயங்கலையில் 299 ரிங்கிட்டுக்கு வாங்கியிருக்கிறார். கொள்ளளவு 1 டெராபைட் என்று திரை காட்டியது. ஆனால் படங்களைச் சேமிக்கச் சேமிக்கப் பழைய படங்கள் திறக்க மறுத்தன. வங்கிச் செயலியைத் திறந்தால், கருவி பாதுகாப்பானதல்ல என்று சொல்லி அது தானாக மூடிக்கொண்டது. பக்கத்தில் நின்றவரின் சாதாரணக் கைப்பேசியில் இரண்டு கோடு அலைவரிசை இருந்த இடத்தில் இதில் ஒன்றுமே இல்லை. *#06# என்று அழுத்திப் பார்த்தோம். திரையில் வந்த 15 இலக்க எண் ஒன்று, பெட்டியில் அச்சிட்டிருந்த எண் வேறொன்று. விற்றவரின் கடைப்பக்கத்தைத் தேடினோம். அது மறைந்துவிட்டிருந்தது.

"என் தப்புதான் தம்பி. மலிவா இருக்கேன்னு வாங்கிட்டேன்" என்றார் அக்கா.

அவர் சொன்னதை என்னால் ஏற்க முடியவில்லை. நாட்டின் குறைந்தபட்சச் சம்பளம் 2025 பிப்ரவரி முதல் மாதம் 1,700 ரிங்கிட். அந்தக் கணக்கில் 299 ரிங்கிட் என்பது ஏறக்குறைய நாலரை நாள் கூலி. அவ்வளவு பணம் கொடுத்து வாங்கிய பொருள் போலியா, அசலா என்று கண்டுபிடிக்க வேண்டியது செம்பனைத் தோட்டத்தில் வேலை செய்யும் ஒரு தாயின் பொறுப்புதானா? இந்தக் கருவி அவர் வீட்டு வாசலுக்கு வருமுன் எத்தனை கைகளைத் தாண்டி வந்திருக்கும்? அந்தக் கைகளில் ஒன்றுகூட அதைத் தடுக்கவில்லையே, ஏன்?

எது போலி, எது தரமற்றது?

கைப்பேசிக் கடைகளில் 'ஒரிஜினல் மலேசியா செட்', 'ஏபி செட்', 'காப்பி' என்ற சொற்கள் சாதாரணமாகப் புழங்குகின்றன. இவை மூன்றும் ஒன்றல்ல.

அதிகாரப்பூர்வ விநியோகஸ்தர் வழியாக வந்து, உள்ளூர் உத்தரவாதத்தோடு விற்பது 'மலேசியா செட்'. அதே நிறுவனம் தயாரித்த அசல் கைப்பேசியை வேறு வணிகர் வேறு நாட்டிலிருந்து தருவித்து விற்பது 'ஏபி செட்'. இது போலி அல்ல. ஆனால் நிறுவனத்தின் உள்ளூர் உத்தரவாதம் பெரும்பாலும் இதற்குக் கிடைக்காது. நிறுவனத்தின் பெயரையும் தோற்றத்தையும் திருடிச் செய்வதுதான் போலி.

நான்காவதாக ஒரு வகையும் உண்டு. யாருடைய பெயரையும் திருடாமல், தன் சொந்தப் பெயரிலேயே தொழில்நுட்பச் சோதனை எதற்கும் உட்படாமல் சந்தைக்கு வருவது. இதைத்தான் தரமற்ற கருவி என்கிறோம். வர்த்தக முத்திரைத் திருட்டை எதிர்த்துப் பெரிய நிறுவனங்கள் வழக்குப் போடும். தரமற்ற கருவியை எதிர்த்து வழக்குப் போட அப்படி யாரும் இல்லை. அரசாங்க அமலாக்கம் ஒன்றே வாங்குபவருக்குத் துணை.

ஐரோப்பிய ஒன்றியத்தின் அறிவுசார் சொத்துரிமை அலுவலகமும் அனைத்துலகத் தொலைத்தொடர்பு ஒன்றியமும் 2017இல் ஓர் ஆய்வை வெளியிட்டன. போலிகளால் 2015இல் மட்டும் உலகம் முழுதும் 18 கோடியே 40 லட்சம் திறன்பேசிகளின் விற்பனை இழப்பு ஏற்பட்டதாக அது கணக்கிட்டது. மதிப்பு 4,530 கோடி யூரோ. அந்தத் துறையின் மொத்த விற்பனையில் அது 12.9 விழுக்காடு. இது அசல் நிறுவனங்கள் இழந்த விற்பனையின் கணக்கு. வாங்கி ஏமாந்தவரின் நாலரை நாள் கூலி இந்தக் கணக்கில் வராது.

தோட்டத்தில் பாதிப்பு ஏன் அதிகம்?

சிரம்பான் நகரில் ஒருவர் மட்டமான கைப்பேசியை வாங்கினால், கோபுரம் பக்கத்தில் இருப்பதால் எப்படியோ பேசிவிடலாம். லிங்கி, சிலியாவ், பகாவ் பக்கம் செம்பனைக் காட்டுக்குள் இருப்பவருக்கு அந்த வசதி இல்லை. நாட்டின் 3ஜி சேவை ஜெண்டலா திட்டத்தின் கீழ் 2021 இறுதியில் நிறுத்தப்பட்டது. இப்போது 4ஜி வழியாகவே குரல் அழைப்பையும் எடுக்கத் தெரிந்த கருவி வேண்டும். இல்லாவிட்டால் அழைப்பு பழைய 2ஜிக்கு இறங்கிவிடும். அதோடு, தூரம் செல்லக்கூடியவை 900 மெகாஹெர்ட்ஸ் போன்ற தாழ்ந்த அலைவரிசைகள்தாம். மலிவுக் கருவிகள் சிலவற்றில் இந்த அலைவரிசைகளைப் பிடிக்கும் பாகமே இருக்காது. பெட்டியில் '5ஜி' என்று அச்சடித்திருந்தாலும் பயனில்லை. நள்ளிரவில் ஒருவருக்கு நெஞ்சுவலி வந்து 999ஐ அழைக்க வேண்டிய நேரத்தில்தான் இந்தக் குறை தெரியவரும்.

அடுத்தது பணம். தோட்டத்திலும் இப்போது சம்பளம் வங்கிக் கணக்கில்தான் விழுகிறது. குறுந்தகவலில் வரும் ஒருமுறைக் கடவுச்சொல்லைக் கைவிட்டு, வங்கிச் செயலியிலேயே பரிவர்த்தனையை உறுதிசெய்யும் முறைக்கு மாற வேண்டும் என்று 2022 செப்டம்பரில் பேங்க் நெகாரா வங்கிகளுக்கு அறிவித்தது. ஒரு வாடிக்கையாளருக்கு உறுதிசெய்யும் கருவி ஒன்றே என்பதும் அந்த நடவடிக்கைகளில் அடங்கும். மோசடியைத் தடுக்க இது நல்ல ஏற்பாடுதான். ஆனால் இதன் பொருள், கையிலிருக்கும் கைப்பேசியே இப்போது வங்கிப் பெட்டகத்தின் சாவி. சாவியே போலி என்றால்?

இது வெறும் பயமுறுத்தல் அல்ல. 2025 ஏப்ரலில் கேஸ்பர்ஸ்கி இணையப் பாதுகாப்பு நிறுவனம் ஒரு தகவலை வெளியிட்டது. பிரபலத் திறன்பேசிகளின் போலிகளில், விற்பனைக்கு வருமுன்னரே 'டிரையடா' என்ற தீய மென்பொருள் அடிப்படை மென்பொருளுக்குள் பதிக்கப்பட்டிருந்தது. 2,600க்கும் மேற்பட்ட பயனர்கள் பாதிக்கப்பட்டிருந்தனர். பெரும்பாலோர் ரஷ்யாவில் இருப்பவர்கள். குறுந்தகவல்களைப் படிக்கவும், சமூக ஊடகக் கணக்குகளைத் திருடவும் அந்த மென்பொருளால் முடியும். கைப்பேசியைப் புதிதுபோல் அழித்து மீட்டமைத்தாலும் அது போகாது.

மூன்றாவது, பிள்ளைகளின் படிப்பு. 2020இல் நடமாட்டக் கட்டுப்பாட்டின்போது கல்வி அமைச்சு எடுத்த கணக்கில் 36.9 விழுக்காட்டு மாணவர்களிடம் மின்னியல் கருவி எதுவும் இல்லை. அந்தத் தட்டுப்பாட்டுக் காலத்திலிருந்தே, "எப்படியாவது ஒரு போன்" என்று பெற்றோர் மலிவு விலையைத் தேடி அலைகிறார்கள். போலி வியாபாரம் பிழைப்பது இந்தத் தேவையை நம்பித்தான்.

நான்காவது, உயிர். 2018 டிசம்பரில் நம் மாநிலத்தின் ரெம்பாவில், மின்னூட்டத்தில் இருந்த கைப்பேசியில் காதணி ஒலிக்கருவியை மாட்டியிருந்த நிலையில் பதின்ம வயதினர் ஒருவர் மின்சாரம் பாய்ந்து மாண்ட செய்தி நாட்டையே உலுக்கியது. சார்ஜர் என்பது 230 வோல்ட் வீட்டு மின்சாரத்தை 5 வோல்ட் அளவுக்குக் குறைப்பதோடு, இரண்டு பக்கத்தையும் ஒன்றோடொன்று தொடாமல் பிரித்து வைக்கவும் வேண்டும். மட்டமான சார்ஜரில் மிச்சம் பிடிக்கப்படுவது பெரும்பாலும் இந்தத் தடுப்பில்தான். போலிக் கைப்பேசிப் பெட்டிக்குள் இருக்கும் சார்ஜரை மட்டும் யாராவது அக்கறையோடு செய்திருப்பார்களா?

சட்டம் இருக்கிறது

நம் நாட்டில் இதற்குச் சட்டம் இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. 1998ஆம் ஆண்டு தொடர்பு பல்லூடகச் சட்டத்தின் கீழ் வந்த 2000ஆம் ஆண்டு தொழில்நுட்பத் தர விதிமுறைகள், தொடர்புக் கருவிகள் சான்று பெற்றிருக்க வேண்டும் என்கின்றன. மீறினால் 1 லட்சம் ரிங்கிட் வரை அபராதம், அல்லது 6 மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் என்று அந்த விதிமுறைகள் வகுத்தன. மலேசியத் தொடர்பு பல்லூடக ஆணையமான எம்சிஎம்சியின் சார்பில் சிரிம் குவாஸ் நிறுவனம் கருவிகளைச் சோதித்துச் சான்றளிக்கிறது. சான்று பெற்ற கருவியில் எம்சிஎம்சி முத்திரை இருக்கும். இப்போது பல கைப்பேசிகளில் அது ஒட்டுத்தாளாக இல்லாமல் அமைப்புப் பக்கத்துக்குள் மின்முத்திரையாக இருக்கிறது. அதைச் சரிபார்க்க 'செக் யுவர் லேபல்' என்ற செயலியும் உண்டு.

போலிப் பொருளுக்கு எதிராக 2011ஆம் ஆண்டு வணிக விவரிப்புச் சட்டமும் 2019ஆம் ஆண்டு வர்த்தக முத்திரைச் சட்டமும் உள்ளன. சுங்கத்துறையின் இறக்குமதிக் கட்டுப்பாட்டுப் பட்டியலிலும் தொடர்புக் கருவிகள் அடங்கும்.

அப்படியானால் ஓட்டை எங்கே? இந்த ஏற்பாடு கப்பலில் பெட்டி பெட்டியாக வந்து கடையில் அடுக்கப்படும் சரக்கை மனத்தில் வைத்துச் செய்யப்பட்டது. கடைக்குள் அதிகாரி நுழைந்து சோதிக்கலாம், பறிமுதல் செய்யலாம். இப்போது கைப்பேசி தனித்தனிப் பொட்டலமாக, விற்றவரின் முகமே தெரியாமல், நேரே லயத்து வாசலுக்கு வருகிறது. சோதனைச்சாவடி என்று இருந்ததெல்லாம் பின்னால் தங்கிவிட, முத்திரையைச் சரிபார்க்கும் வேலை மட்டும் வாங்குபவர் தலையில் வந்து விழுந்திருக்கிறது. அந்த முத்திரையையும் கருவி கைக்கு வந்த பிறகுதான், அதாவது பணம் போன பிறகுதான், அவரால் பார்க்க முடியும்.

இரவுச் சந்தையில் மீன் வாங்கும்போது தராசுக்கு முத்திரை குத்தியிருக்கிறதா என்று நாம் ஒவ்வொரு முறையும் குனிந்து பார்ப்பதில்லை. அதைப் பார்க்க அமலாக்க அதிகாரி இருக்கிறார் என்ற நம்பிக்கையில் வாங்குகிறோம். கைப்பேசிக்கும் அந்த நம்பிக்கை வேண்டும் என்பதுதான் கேள்வியே.

மற்ற நாடுகள் என்ன செய்தன?

போலிகளை ஒழிக்க எளிய வழி, அவற்றின் தொடர்பைத் துண்டிப்பது என்று தோன்றும். ஒவ்வொரு கைப்பேசிக்கும் ஐஎம்இஐ எனும் 15 இலக்க அடையாள எண் உண்டு. முதல் 8 இலக்கம் எந்த நிறுவனத்தின் எந்த மாடல் என்பதைக் காட்டும். அடுத்த 6 அந்தக் கருவியின் தனி எண். கடைசி இலக்கம் கணக்குச் சரிபார்ப்புக்கு. பட்டியலில் இல்லாத எண்ணுக்குச் சேவை இல்லை என்று சொல்லிவிட்டால் போலி செத்துவிடும் அல்லவா?

கென்யா அப்படித்தான் செய்தது. 2012 செப்டம்பர் இறுதிக் கெடு முடிந்ததும் ஏறக்குறைய 18 லட்சத்து 90 ஆயிரம் கைப்பேசிகளின் சேவையைத் துண்டித்தது. விற்றவர்கள் காசை வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள். கையில் செத்த கருவியோடு நின்றவர்கள் வாங்கியவர்கள்.

இந்தியா, 2008 மும்பைத் தாக்குதலுக்குப் பிறகு எழுந்த பாதுகாப்புக் கவலையால், சரியான ஐஎம்இஐ இல்லாத கைப்பேசிகளை 2009 நவம்பர் 30 நள்ளிரவோடு துண்டிக்க உத்தரவிட்டது. ஏறக்குறைய இரண்டரைக் கோடிக் கைப்பேசிகள் அந்த நிலையில் இருந்தன. ஆனால் அங்கே ஒரு மாற்றுவழி வைத்தார்கள். 199 ரூபாய் கட்டினால் கருவியில் முறையான எண்ணைப் பதித்துக் கொடுக்கும் திட்டம் அது. வாங்கியவரை முழுதும் கைவிடாத அணுகுமுறை.

எண்ணை மட்டும் நம்பினால் போதாது என்பதையும் இந்தியாவே காட்டியது. 2020இல் மீரட் காவல்துறை விசாரித்தபோது, ஒரே ஐஎம்இஐ எண்ணில் 13,000க்கும் மேற்பட்ட கைப்பேசிகள் இயங்குவது தெரியவந்தது. எண் சரியாக இருந்தாலும் கருவி சரியானது என்று உறுதி இல்லை. 2023 மே மாதம் தொடங்கிய 'சஞ்சார் சாத்தி' திட்டத்தில், கேஒய்எம் என்ற மூன்று ஆங்கில எழுத்துகளோடு ஐஎம்இஐ எண்ணை 14422க்குக் குறுந்தகவலாக அனுப்பிக் கருவியைச் சரிபார்க்கலாம். அந்தச் செயலியை எல்லாப் புதுக் கைப்பேசிகளிலும் கட்டாயம் பதிக்க வேண்டும் என்று 2025 இறுதியில் உத்தரவு வந்தது. அரசு வேவு பார்க்கிறதா என்ற கண்டனம் எழுந்ததும் சில நாள்களில் அந்தக் கட்டாயம் கைவிடப்பட்டது. போலியை விரட்டும் பெயரில் குடிமக்களின் அந்தரங்கத்தில் கைவைக்கக்கூடாது என்ற பாடம் அது.

இலங்கையின் அறிவிப்பு இன்னும் நிதானமானது. தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணைக்குழுவில் பதிவாகாத ஐஎம்இஐ கொண்ட கருவிகள் 2025 ஜனவரி 28 முதல் சேவையில் இணைக்கப்படமாட்டா என்று அங்கு அறிவிக்கப்பட்டது. அதற்கு முன்பே பயன்பாட்டில் இருந்தவை பாதிக்கப்படா. வாங்குமுன் ஐஎம்இஐ எண்ணை 1909க்குக் குறுந்தகவலாக அனுப்பிச் சரிபார்த்துக்கொள்ளலாம்.

இந்த மூன்று நாட்டு அனுபவத்தையும் சேர்த்துப் பார்த்தால் ஒன்று தெளிவாகிறது. ஏற்கெனவே ஏழைகளின் கையில் இருப்பதை முடக்கினால் தண்டனை தவறான ஆளுக்குப் போகிறது. தடை புதிதாக வருவதற்கு இருக்க வேண்டும், அதுவும் விற்பதற்கு முன்பே.

வாசல் எங்கே இருக்கிறது?

விற்பதற்கு முன்பே எப்படித் தடுப்பது, லட்சக்கணக்கான பொட்டலங்களை யார் பிரித்துப் பார்ப்பது என்று அதிகாரிகள் கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் அதற்கான பதிலை அரசாங்கமே ஏற்கெனவே கண்டுபிடித்திருக்கிறது.

வெளிநாட்டிலிருந்து இயங்கலை வழி வாங்கப்படும் 500 ரிங்கிட்டுக்கு மேற்படாத பொருள்களுக்கு 2024 ஜனவரி 1 முதல் 10 விழுக்காடு விற்பனை வரி விதிக்கப்படுகிறது. இந்த வரியை வசூலிக்க யாரும் பொட்டலத்தைப் பிரிப்பதில்லை. பதிவுபெற்ற விற்பனையாளரும் மின்வணிகத் தளமும் பணம் செலுத்தும் இடத்திலேயே பிடித்துக் கட்டிவிடுகிறார்கள்.

வெளிநாட்டிலிருந்து வரும் 299 ரிங்கிட் கைப்பேசிக்குப் பத்து விழுக்காட்டு வரியைத் தளத்தால் கணக்கிட முடியும் என்றால், அதே பக்கத்தில் அந்த மாடலின் எம்சிஎம்சி சான்று எண்ணைக் கேட்கவும் முடியும். எண் இல்லாவிட்டால் பொருளைப் பட்டியலிட முடியாது என்று ஒரே வரியில் விதி வைக்கலாம். எண் பொய்யாக இருந்தால், வாங்கியவர் பணத்தைத் தளமே திருப்பித் தர வேண்டும் என்று அடுத்த வரியில் வைக்கலாம். பணம் திருப்பித் தரும் பொறுப்பு வந்துவிட்டால், நம்ப முடியாத விலைக்குக் கைப்பேசி விற்கும் பக்கங்களைத் தளங்கள் தாமே தேடி நீக்கும்.

இரண்டாவது, சரிபார்க்கும் வழி தோட்டம்வரை வர வேண்டும். புதுச் செயலி இறக்கச் சொன்னால், நல்ல கைப்பேசி வைத்திருப்பவரால் மட்டுமே முடியும். இலங்கையிலும் இந்தியாவிலும் உள்ளது போல, பழைய பொத்தான் கைப்பேசியிலிருந்தும் அனுப்பக்கூடிய குறுந்தகவல் வழி நம் தோட்டங்களில் எல்லாருக்கும் தெரிந்திருக்க வேண்டும். விளக்கம் மலாயில் மட்டுமன்றித் தமிழிலும், தோட்டத்தில் இன்று நம்மோடு வேலை செய்யும் வங்காளதேச, நேப்பாளத் தொழிலாளர்களின் மொழிகளிலும் இருக்க வேண்டும். புறநகர், கிராமப் பகுதிகளில் இயங்கும் நாடி மையங்களில் இதற்கென ஒரு முகப்பு வைக்கலாம். நெகிரி செம்பிலானில் 61 தமிழ்ப்பள்ளிகள் உள்ளன. பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்தில் பத்து நிமிடம் ஒதுக்கினால்கூடச் செய்தி வீடு வீடாகப் போய்ச் சேரும்.

மூன்றாவது, மலிவான நல்ல கைப்பேசி. சான்று பெற்ற கைப்பேசி 299 ரிங்கிட்டுக்குக் கிடைத்தால் யாரும் போலியைத் தேடிப் போகமாட்டார்கள். பி40 மாணவர்களுக்கான உதவித் திட்டங்களில் கைப்பேசியும் சேரும்போது, சான்று பெற்ற மலிவு மாடல்களின் பட்டியல் ஒன்றை அரசாங்கமே வெளியிடலாம்.

அதுவரை நாம் செய்யக்கூடியவை

மேலே சொன்னவை நடக்கக் காலம் பிடிக்கும். அதுவரை வாங்குவோர் சிலவற்றைக் கவனத்தில் வைத்தால் நல்லது.

புதுக் கைப்பேசியைக் கையில் வாங்கியதும் *#06# அழுத்துங்கள். திரையில் வரும் எண்ணும் பெட்டியில் உள்ள எண்ணும் ஒன்றாக இருக்க வேண்டும். அமைப்புப் பக்கத்தில் எம்சிஎம்சி முத்திரை உள்ளதா எனப் பாருங்கள். வங்கிச் செயலி திறக்க மறுத்தால் வலுக்கட்டாயமாக எதையும் நிறுவாதீர்கள். சார்ஜரைத் தனியாக வாங்கும்போது சிரிம் முத்திரை உள்ளதையே கேட்டு வாங்குங்கள். இயங்கலையில் வாங்கினால், பொட்டலத்தைப் பிரிக்கும்போதே காணொளி எடுங்கள். "பொருள் கிடைத்தது" என்ற பொத்தானைச் சோதித்துப் பார்த்த பிறகே அழுத்துங்கள். அதை அழுத்தியதும் பணம் விற்றவர் கைக்குப் போய்விடும்.

உள்ளூர் வணிகர் ஏமாற்றினால், உள்நாட்டு வாணிப அமைச்சின் கீழுள்ள பயனீட்டாளர் நடுவர் மன்றத்துக்குப் போகலாம். மனுக் கட்டணம் 5 ரிங்கிட். 50,000 ரிங்கிட் வரையிலான கோரிக்கைகளை அது விசாரிக்கும். வழக்கறிஞர் தேவையில்லை. கைப்பேசி வழியாக வங்கிப் பணம் பறிபோனது தெரிந்தால் தாமதிக்காமல் 997 என்ற எண்ணில் தேசிய மோசடி எதிர்ப்பு மையத்தை அழையுங்கள்.

அந்த அக்காவிடம் இவற்றையெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தபோது, தளத்தில் புகார் செய்யும் கெடு முடிந்து இரண்டு வாரம் ஆகிவிட்டது தெரிந்தது. விற்றவர் இந்த நாட்டில் இருக்கிறாரா என்பதற்கும் தடயம் இல்லை. வங்கி விவரம் எதையும் அதில் போட வேண்டாம் என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தேன். மகனுக்குப் பக்கத்து வீட்டு அண்ணனின் பழைய கைப்பேசி கிடைத்திருக்கிறதாம்.

இதுபோல் உங்கள் தோட்டத்திலும் நடந்திருந்தால், வெட்கப்பட்டுக்கொண்டு அந்தக் கைப்பேசியை மேசை இழுப்பறையில் போட்டுவிடாதீர்கள். எம்சிஎம்சியிடமும் உள்நாட்டு வாணிப அமைச்சிடமும் எழுத்துபூர்வமாகப் புகார் கொடுங்கள். எழுதத் தெரியாதவருக்கு எழுதத் தெரிந்தவர் உதவுங்கள். 299 ரிங்கிட் திரும்ப வராமல் போகலாம். ஆனால் புகாரே இல்லாத இடத்தில் பிரச்சினையும் இல்லை என்றுதான் கோப்பில் பதிவாகும்.